நெகட்டிவ் வந்த பிறகும் வீட்டில் நோய் பரவுவது ஏன்?

"வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே ரத்தம் கொடுத்தோம். டெங்கு, டைபாய்டு, மலேரியா எல்லாமே நெகட்டிவ். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட்டோம். ஒரு வாரத்துக்குள் வீட்டில் இன்னும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். பரிசோதனை தப்பா? எப்படிப் பரவியது? முதலிலேயே தடுத்திருக்க முடியுமா?" இதுதான் கேள்வி.

லேபில் தவறு நடந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் இரண்டு கணக்குகள் விட்டுப்போயிருக்கும். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் ரத்தம் எடுத்தீர்கள் என்பது ஒன்று. கிருமி எந்த வழியாக அடுத்தவரிடம் போகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் தெரிந்தால் எந்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது, எதை நம்புவது, வீட்டில் எதைக் கழுவுவது, எதைத் திறந்துவைப்பது எல்லாம் பிடிபட்டுவிடும். அதனால் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் வேலை, அது தொடங்கிய தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிவைப்பது. அந்த நாளை 1ஆம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும்போது "மூணு நாலு நாளா இருக்கு" என்று சொல்வதில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் சில நோய்களில் மிகப் பெரியது.

முதலில், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்ப்போம். கிருமி உடலுக்குள் நுழைந்த நேரத்துக்கும் முதல் அறிகுறி தெரியும் நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை நோய் அரும்பும் காலம் என்கிறோம். இன்ஃப்ளூயன்சாவுக்கு அது 1 முதல் 4 நாள், பெரும்பாலும் 2 நாள். வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோ வைரசுக்கு 12 முதல் 48 மணி நேரம். டெங்குவுக்கு 4 முதல் 10 நாள். தட்டம்மைக்கு 10 முதல் 14 நாள். சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள். டைபாய்டுக்குப் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம். ஹெப்படைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள்.

இந்த எண்களை வைத்து வீட்டில் நடந்ததைப் பின்னோக்கிப் படிக்கலாம். ஒரே உணவைச் சாப்பிட்ட நாலு பேரும் சில மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தால், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியதல்ல. எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து வாங்கியிருக்கிறார்கள். முதல் ஆள் படுத்து இரண்டு மூன்று நாளில் அடுத்தவருக்கு இருமலும் காய்ச்சலும் வந்தால் மூச்சுவழிப் பரவலைச் சந்தேகிக்கலாம். டெங்குவில் கணக்கு வேறு. நோயாளியைக் கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருகி, அது அடுத்தவருக்குக் கொடுக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு கடி வாங்கியவருக்கு நோய் அரும்ப இன்னும் 4 நாளாவது வேண்டும். ஆக, முதல் நோயாளியிடமிருந்து வீட்டில் இன்னொருவருக்கு டெங்கு போகக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பிடிக்கும். ஒரு வாரத்துக்குள் மூன்று பேருக்கும் டெங்கு என்று தெரிந்தால், மூவரையும் முன்பே தொற்று ஏறிய கொசுக்கள் கடித்திருக்கின்றன என்று பொருள். அந்தக் கொசு இன்னும் வீட்டைச் சுற்றியே இருக்கலாம்.

அறிகுறி தெரிவதற்கு முன்பே பரப்பும் நோய்களும் உண்டு. இன்ஃப்ளூயன்சா இருப்பவர் காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்குகிறார். சின்னம்மை, கொப்புளம் எழும் முன்னே ஒன்றிரண்டு நாள். தட்டம்மை, உடலில் சிவப்புத் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே. ஹெப்படைடிஸ் ஏ, கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில்தான் அதிகமாக மலத்தில் வெளியேறுகிறது. "தடிப்பைப் பார்த்ததும் தனி அறையில் வைத்துவிட்டோமே" என்று வருந்துவதில் பயனில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று அதற்குள் போயிருக்கும். அவர்களுக்கு இனி உதவுவது வேறு வழிகள். அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பரிசோதனை. இரண்டாம் நாள் எடுத்த டெங்கு ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அதில் என்.எஸ்.1 என்று இருக்கிறதா, ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. மட்டும் இருக்கிறதா? என்.எஸ்.1 என்பது வைரஸின் புரதம். முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் கிடைக்கும், 5ஆம் நாளுக்குப் பிறகு குறைந்துபோகும். ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டும் நம் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்கள். ஐ.ஜி.எம். 4 அல்லது 5ஆம் நாளுக்கு மேல்தான் தலைகாட்டும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து நெகட்டிவ் என்று வந்தால் அந்தத் தாளில் எந்தத் தகவலும் இல்லை. அந்த நாளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது நெகட்டிவாகத்தான் இருக்கும். 7ஆம் நாளில் என்.எஸ்.1 மட்டும் எடுத்து நெகட்டிவ் வந்தாலும் இதே கதைதான். 4 முதல் 6ஆம் நாள் வரையிலான இடைப்பட்ட காலத்தில் இரண்டையும் சேர்த்துக் கேட்பது நல்லது. இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகை இருப்பதால் ஒருவருக்கு இரண்டாம் முறையும் வரலாம். அப்போது என்.எஸ்.1 சீக்கிரம் மறைந்துவிடும், ஐ.ஜி.எம்.மும் மங்கலாக வரலாம், ஐ.ஜி.ஜி. மட்டும் வேகமாக ஏறும். கடுமையாகும் வாய்ப்பு அதிகமுள்ளதும் இந்த இரண்டாம் முறையில்தான். பிளேட்லெட் எண்ணிக்கையும் இரண்டாம் நாளில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது.

டைபாய்டுக்கு, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் வைடால் பரிசோதனையை இன்றும் பலர் கேட்டு வாங்குகிறார்கள். இதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் வாரத்தில் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பழைய தொற்று, தடுப்பூசி, வேறு பாக்டீரியா எதுவானாலும் பாசிட்டிவ் காட்டலாம். டைபாய்டு இல்லாதவர் அதற்கான மருந்தைச் சாப்பிடுவதும், உண்மையான காரணம் கண்டுபிடிக்கப்படாமல் போவதும் இதனால்தான். சரியான வழி ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 2 மில்லி எடுத்தால் கிருமி சிக்காது, ஏனென்றால் டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் இருக்கலாம். முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். மாத்திரை இரண்டு போட்டுவிட்டு எடுத்தால் கிருமி வளராது, நோய் மட்டும் இருக்கும். எல்லாம் சரியாகச் செய்தாலும் பத்தில் ஆறு பேரிடம்தான் அது பிடிபடும், முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதனால் கல்ச்சர் நெகட்டிவ் என்றாலும் அறிகுறி பொருந்தினால் மருத்துவர் டைபாய்டு மருந்து கொடுப்பது நியாயமே.

மலேரியாவில் ஒரு ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது, நெகட்டிவ் வந்தால் போதாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும். ஒரு துளி ரத்தத்தில் கோடு காட்டும் அட்டைப் பரிசோதனைகளில் (ரேபிட் கார்டு) பல, ஒட்டுண்ணி விடும் ஒரு புரதத்தைத் தேடுகின்றன. அது நோய் குணமான பிறகும் சில வாரங்கள் ரத்தத்தில் கிடக்கும். எனவே குணமாகிவிட்டதா என்று பார்க்க அந்த அட்டையைப் பயன்படுத்தக் கூடாது, ஸ்மியர்தான் வேண்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை எடுக்க வேண்டும். இங்கே பரிசோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் மாதிரிதான். டப்பாவில் எச்சில் இருந்தால் நெகட்டிவ் வருவதில் வியப்பில்லை. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடும் முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை இரண்டு மூன்று முறை ஆழ இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து காறி, 3 முதல் 5 மில்லி கெட்டிச் சளி கொடுக்க வேண்டும். திறந்த வெளியில் நின்று எடுப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு. நுண்ணோக்கியில் கிருமி தெரிய ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். மரபணுவைத் தேடும் மூலக்கூறு பரிசோதனை அதைவிட மிகக் குறைவாக இருந்தாலும் பிடிக்கும், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். கேட்க முடிந்தால் அதையே கேளுங்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ, கிருமி எப்போதோ உள்ளே வந்ததைத்தான் சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்லாது.

கோவிட் போன்றவற்றுக்கு மூக்கில் ஸ்வாப் எடுத்து வீட்டிலேயே பார்க்கும் கிட்டுகளில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் முடிவையே மாற்றிவிடும். நுனியில் மட்டும் தொட்டுவிட்டு எடுப்பது, ஒரே துளையில் எடுப்பது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை அறை வெப்பத்துக்கு வரும் முன்பே பயன்படுத்துவது, குறித்த நிமிடத்தைத் தாண்டி மறுபடி எடுத்துப் பார்த்து "இப்போ கோடு வந்திருக்கு" என்று பயப்படுவது. கிட்டில் எழுதிய நேரத்துக்குப் பிறகு தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அறிகுறி தொடங்கிய முதல் நாளில் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். அதுவரை பாசிட்டிவ் என்றே நடந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பரிசோதனை, நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக நெகட்டிவ் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிகுறியே இல்லாத 1,000 பேருக்கு இதை எடுக்கிறோம், அவர்களில் 10 பேருக்குத்தான் நோய். அந்த 10 பேரில் 9 பேர் பாசிட்டிவ். மீதி 990 பேரில் சுமார் 50 பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ் வரும். மொத்தப் பாசிட்டிவ் 59, உண்மையான நோயாளி 9 பேர் மட்டுமே. இதே பரிசோதனையை, 300 பேருக்கு உண்மையில் நோய் இருக்கும் 1,000 காய்ச்சல்காரர்களிடம் எடுத்தால், 270 பேர் சரியான பாசிட்டிவ், 35 பேர்தான் தவறான பாசிட்டிவ். ஆனால் 30 நோயாளிகள் நெகட்டிவ் தாளோடு வீட்டுக்குப் போவார்கள். கிட் மாறவில்லை. யாரிடம், எந்தச் சூழலில் எடுத்தோம் என்பது மட்டும் மாறியது. அக்கம்பக்கத்தில் டெங்கு பரவிக்கொண்டிருக்கும்போது வரும் நெகட்டிவை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். காரணமே இல்லாமல் பெரிய பேக்கேஜில் முப்பது பரிசோதனை எடுக்க வேண்டாம் என்பதற்கும் இதே கணக்குதான்.

பரவும் வழிக்கு வருவோம். காற்றில் நீண்ட நேரம் மிதப்பவற்றில் தட்டம்மை முதன்மையானது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கிறார். காசநோயும் காற்றுவழிதான். காசநோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கிவைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை, நோயாளியின் மனம்தான் புண்படுகிறது. அந்த அக்கறையை ஜன்னலைத் திறந்துவைப்பதில் காட்டுங்கள். ஓர் அறையின் காற்று மணிக்கு 6 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம் போதும். எதிரெதிரே இரண்டு ஜன்னலோ, ஒரு ஜன்னலும் ஒரு கதவும் திறந்திருந்தால் இந்த மாற்றம் நடக்கும். சுவரில் மாட்டும் சாதாரண ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. நோயாளி சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்டாலே வெளியே வரும் துளிகள் வெகுவாகக் குறையும். பார்த்துக்கொள்பவருக்கு என்95 நல்லது, ஆனால் முகத்தோடு ஒட்டியிருந்தால் மட்டும். தாடி இருந்தாலோ மூக்கின் மேல் கம்பியை அழுத்தாமல் விட்டாலோ ஓரம் வழியாகக் காற்று புகுந்துவிடும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு நோய்களில் கைதான் பாதை. நோரோ வைரஸை ஆல்கஹால் சானிட்டைசர் சரியாக அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் உட்பட 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். தரையில் வாந்தி கிடந்தால் அதன்மேலேயே பிளீச்சை ஊற்றுகிறார்கள். பெரும்பகுதி குளோரின் அந்த அழுக்கோடு சேர்ந்தே செலவாகிவிடும், வைரஸுக்கு மிஞ்சாது. முதலில் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, பழைய காகிதத்தாலோ துணியாலோ ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுத்துப் பையில் கட்டுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அதன் பிறகு பிளீச் கரைசல். கடையில் விற்கும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லியோடு 900 மில்லி தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம் வரும், வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு இது. கதவுப் பிடி, சுவிட்ச், குழாய்த் திருகு போன்றவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி போதும், அது 0.1 சதவீதம். எதுவானாலும் 10 நிமிடம் ஈரமாக இருக்க விட்டுப் பிறகு துடைக்க வேண்டும். தெளித்த உடனே துடைத்தால் கிருமி சாக நேரம் கிடைக்காது. கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள். வெந்நீரில் கலக்காதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிடோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிரையே எடுக்கும்.

வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அந்த ஆள் சமையலில் கை வைக்கக் கூடாது. குடிநீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி மூன்றும் சாகும். பெரும்பாலும் தவறு நடப்பது கொதிக்கவைத்த பிறகுதான். அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, டம்ளரோடு கையையும் உள்ளே விட்டு மொண்டால் கொதிக்கவைத்ததே வீண். வாய் குறுகிய பாத்திரமோ அடியில் குழாய் உள்ளதோ வேண்டும். வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இல்லாதபோது, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள்.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது, சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறார்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, ஏர்கூலர், மொட்டைமாடியில் கிடக்கும் டயர், மூடி சரியாகப் பொருந்தாத தொட்டி எல்லாவற்றையும் பாருங்கள். புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், நீரில் உள்ள புழு அடுத்த வாரம் கொசுவாகிவிடும். காய்ச்சல்காரரை முதல் ஐந்து நாளாவது பகலிலும் வலைக்குள் படுக்கவையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி அது.

முன்பு சொல்வதாகச் சொன்ன விஷயம்: தொற்று பட்ட பிறகும் தடுக்க முடிகிற நோய்கள் உண்டு, ஆனால் மணிக்கணக்கு முக்கியம். தட்டம்மைக்காரரோடு இருந்தவர் தடுப்பூசி போடாதவர் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஊசி போடலாம். ஊசி போட முடியாத கைக்குழந்தை, கர்ப்பிணி போன்றோருக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசி. சின்னம்மைக்குத் தடுப்பூசி மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாள். நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி. ரத்தம் பட்ட ஊசி குத்தியிருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

உங்கள் வீட்டில் இன்னும் காய்ச்சல் இருக்கிறது என்றால் இதைக் கவனித்துப் படியுங்கள். டெங்குவில் ஆபத்து வருவது காய்ச்சல் ஏறும்போது அல்ல, 3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது. "விட்டுடுச்சு" என்று எல்லோரும் மூச்சுவிடும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், அசதியாகக் கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் உடனே மருத்துவமனை. பிளேட்லெட் எண்ணை மட்டும் துரத்தாமல் ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்றும் கேளுங்கள், கசிவைக் காட்டுவது அதுதான். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் தொடங்காதீர்கள். வைரஸுக்கு அது உதவாது, கல்ச்சரையும் கெடுக்கும்.

எப்போது வெளியே போகலாம்? தட்டம்மைக்குத் தடிப்பு வந்து நான்கு நாள் கழித்து. சின்னம்மைக்குக் கடைசிக் கொப்புளமும் பொருக்கு கட்டிய பிறகு. இன்ஃப்ளூயன்சாவுக்கு, மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலற்று இருந்த பிறகு, அதற்கு மேல் சில நாள் மாஸ்க்கோடு. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு, சரியான சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பரவல் வெகுவாகக் குறையும், ஆனால் மாத்திரை ஆறு மாதம். டைபாய்டில் மட்டும் உடம்பு முழுதும் தேறிய பிறகும் நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேரின் பித்தப்பையில் கிருமி தங்கி, வருடக்கணக்கில் மலத்தில் வெளியேறும். நியூயார்க்கில் 1907இல் பிடிபட்ட மேரி மாலன் என்ற சமையல்காரர் அப்படிப்பட்டவர். தனக்கு ஒரு நோயும் இல்லை என்றே அவர் நம்பினார், அவர் சமைத்த வீடுகளில் டைபாய்டு தொடர்ந்து வந்தது. எனவே டைபாய்டிலிருந்து எழுந்தவர் பிறருக்குச் சமைப்பவரோ, உணவைக் கையாளும் வேலையில் இருப்பவரோ என்றால், ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 48 மணி நேரம் கழித்து, ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விட்டு மூன்று முறை மலக் கல்ச்சர் நெகட்டிவ் வந்த பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டும்.